அனுப்பியவரைத் திரும்பக் கொண்டுவரும் செலவு



அமெரிக்காவின் கென்னடி விண்வெளி மையத்தில், ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் ஊழியனாக விண்ணோடங்களில் வேலை பார்த்தவன் நான். நாசாவை உலகம் அறியும். பறந்து திரும்பிய ஓடத்தைப் பழுது பார்த்து, மறுபடி பறக்க வைத்த கைகளில் பெரும்பாலானவை ஒப்பந்த ஊழியர்களின் கைகள்.

மனிதரை விண்ணுக்கு அனுப்ப ஏன் இவ்வளவு செலவு? எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ஓடத்தின் அடிப்பக்கம் வந்து பாருங்கள். வெப்பத்தைத் தடுக்க, அங்கும் ஓடத்தின் மற்றப் பகுதிகளிலுமாக ஏறத்தாழ 24,000 ஓடுகள் ஒட்டியிருக்கும். பெரும்பாலும் சிலிக்கா இழை. கையில் எடுத்தால் கனமே தெரியாது, எளிதில் சேதமாகும். ஒவ்வொன்றுக்கும் தனி எண், தனி இடம். ஓடம் தரையிறங்கியதும் அத்தனையையும் சோதிக்க வேண்டும். பணத்தில் ஒரு பங்கு அங்கேதான் போயிற்று.

1972-இல் விண்ணோடத் திட்டத்துக்கு அதிபர் நிக்சன் ஒப்புதல் தந்தபோது, ஆண்டுக்கு ஐம்பது முறை பறக்கும், செலவு மலிவாகும் என்றார்கள். அதிகபட்சமாகப் பறந்தது 1985-இல், ஒன்பது முறை. 1981 முதல் 2011 வரை மொத்தம் 135 பயணங்கள். செலவு ஏறத்தாழ 20,000 கோடி டாலர்.

அந்தப் பணம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். பார்வை மங்கிய ஹபிள் தொலைநோக்கியை 1993-இல் சீர்செய்தவர்கள், விண்ணோடத்தில் சென்ற மனிதர்கள்தாம். நம் நெஞ்சை அறுப்பது வேறு கணக்கு. இரண்டு விபத்துகளில் பதினான்கு உயிர்கள்!

1986 ஜனவரி 27 இரவு. மறுநாள் சேலஞ்சர் ஓடம் புறப்பட இருந்தது. குளிரில் ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் இறுகிவிடும், பறக்க வேண்டாம் என்று ரோஜர் போஜொலே முதலிய பொறியாளர்கள் மன்றாடினார்கள். அவர்களும் ஒப்பந்த நிறுவனத்தார்தாம். மேலாளர்கள் கேட்கவில்லை. மறுநாள் 73-ஆவது விநாடியில் ஓடம் சிதறியது.

விபத்தை ஆராய்ந்த குழுவில் இருந்த இயற்பியலாளர் ஃபெயின்மன் எழுதினார்: ஆபத்து லட்சத்தில் ஒன்று என்றது நிர்வாகம், நூற்றில் ஒன்று என்றார்கள் பொறியாளர்கள். 135 பயணங்களில் அழிந்தவை இரண்டு. யார் கணக்கு சரி என்று நீங்களே சொல்லுங்கள்.

2003-இல் கொலம்பியா ஓடத்தின் இறக்கையில், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த காப்பு நுரைத்துண்டு மோதியது. இறக்கையைப் படம் எடுத்துப் பாருங்கள் என்று பொறியாளர்கள் கேட்டார்கள். யாரும் எடுக்கவில்லை. நம் கல்பனா சாவ்லாவும் உடன் சென்ற அறுவரும் வீடு திரும்பவில்லை. பதினேழு ஆண்டுகள் கழிந்தும் அதே பிழை!

இன்று, மனிதரை விண்ணுக்கு அனுப்பும் இந்தியாவின் ககன்யான் திட்டம் நம் வாசலுக்கு வந்துவிட்டது. அதன் என்ஜின்களைச் சோதிப்பது நெல்லைச் சீமை மகேந்திரகிரியில். பறக்கத் தேர்வான வீரர்களில் ஒருவரான அஜித் கிருஷ்ணன், சென்னையில் பிறந்தவர். ஆகவே உங்களிடம் கேட்கிறேன். தேதி தள்ளிப்போனால் ஏளனம் செய்யாதீர்கள். சோதனைக்குச் செலவாகும் பணத்தை வீண் என்று பேசாதீர்கள். மாணவர்களே, நாளை நீங்கள் பொறியாளராக அமரும் இடத்தில் "வேண்டாம்" என்று சொல்லும் துணிவோடு இருங்கள். மேலாளராக அமர்ந்தால், அப்படிச் சொல்பவரை உட்காரவைத்துக் கேளுங்கள். அதைக் கேட்க நேரமில்லாத நாட்டுக்கு மனிதரை விண்ணுக்கு அனுப்பும் உரிமை இல்லை.