குதிகால் தரையில் படட்டும்

காலை நேரத்தில் கழிவறைப் பேச்சா என்று சிலர் முகம் சுளிப்பீர்கள். பெரும்பாலோருக்கு அந்த வேலை காலையில்தானே! பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கம்போங் மேடானில் யோகா வகுப்பு நடத்துகிறவள். டேசா ரியா, டேசா மெந்தாரி அடுக்குமாடிகளிலிருந்தும் வகுப்புக்கு வருகிறார்கள். கொஞ்ச காலமாக எனக்கு ஓர் எரிச்சல். வீட்டை ரெனோவேஷன் செய்கிறவர்கள் சுவருக்குச் சாயம் அடிப்பதற்கு முன்னாலேயே குந்தும் கழிவறையை உடைக்கச் சொல்லிவிடுகிறார்கள். விருந்தாளி வந்தால் மானம் போகிறதாம். உடைத்த இடத்தில் பளபளவென்று ஒரு கமோடு வருகிறது. கொஞ்ச நாளில், "டீச்சர், முன்ன மாதிரி சரியாப் போகல" என்ற புகார் வருகிறது. அதற்கும் பின்னால், காலடியில் வைத்துக்கொள்ள ஒரு முக்காலி வருகிறது. அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தில், ஒரு குடும்பம் 2011-இல் ஸ்க்வாட்டி பாட்டி என்று பெயர் வைத்து விற்கத் தொடங்கிய சரக்கு அது. ஒற்றைக்கொம்புக் குதிரை ஒன்றை வைத்து அவர்கள் எடுத்த விளம்பரம் உலகம் முழுக்கச் சுற்றியது. அதைப் போன்ற முக்காலி இப்போது எங்கும் கிடைக்கிறது. வீட்டில் இருந்ததை உடைத்துப் போட்டுவிட்டு, இருந்ததைப் போலச் செய்வதற்குக் காசு கொடுத்து ஒன்றை வாங்குகிறோம். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

குந்துவது நல்லது என்று பாட்டி காலத்திலிருந்தே கேட்டிருப்பீர்கள். ஏன் என்பதை மட்டும் ஒரு தடவை சொல்லிவிட்டு என் விஷயத்துக்கு வருகிறேன். நம் கழிவறைச் சுவரில் ஒரு ரப்பர் குழாய் தொங்குமே, அதை நடுவில் மடக்கிப் பிடியுங்கள், தண்ணீர் திணறும். மலக்குடலின் கடைசிப் பகுதியும் அப்படித்தான் மடங்கிக் கிடக்கிறது. பியூபோரெக்டாலிஸ் என்றொரு தசை, முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து கிளம்பி, குடலைப் பின்பக்கமாகச் சுற்றி வந்து, முன்னால் இழுத்துப் பிடித்திருக்கிறது. நாம் நடக்கும்போதும் நிற்கும்போதும் மானத்தைக் காப்பாற்றுவது அதுதான். நாற்காலியில் உட்கார்கிற மாதிரி உட்கார்ந்தால் அந்த மடிப்பு முழுதாக நிமிர்வதில்லை. குந்தினால் நிமிர்கிறது. 2002-இல் ஈரானில் 30 பேரை எக்ஸ்ரே எடுத்து அளந்தார்கள். உட்கார்ந்தபோது அந்த மடிப்பின் கோணம் 92 பாகை. குந்தியபோது 132.

இன்னொன்று. இஸ்ரேலைச் சேர்ந்த டோவ் சிக்கிரோவ் என்ற மருத்துவர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு. உடல்நலத்தில் குறையில்லாத 28 பேரிடம் டிஜிட்டல் கடிகாரத்தை வைத்து நேரத்தைக் கணக்கெடுக்கச் சொன்னார். சாதாரண உயரக் கமோடில் சராசரி 130 விநாடி. உயரம் குறைந்த கமோடில் 114. குந்தியபோது 51 விநாடி. மறுபடி சொல்கிறேன், 51 விநாடி. பாதி நேரம்கூட ஆகவில்லை. முக்கியதும் குறைவு என்று அவர்களே சொன்னார்கள்.

முக்காலிக்காரர்கள் உடனே ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வைக் காட்டுவார்கள். 52 பேர், நான்கு வாரம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை. காலடியில் முக்காலி வைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் முக்கல் குறைந்தது என்றார்கள். சரி, முழங்கால் போனவர்களுக்கு அது உதவட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் 2010-இல் ஜப்பானில் ஆறு பேரைப் படமெடுத்துப் பார்த்தபோது, இருக்கையில் அமர்ந்தபடி இடுப்பை மட்டும் கூடுதலாக மடக்கினால் கோணம் அசையவே இல்லை. முழுதாகக் குந்தியபோதுதான் 100-லிருந்து 126-க்குப் போனது. ஆறே பேர்தானே என்பீர்கள். இருக்கட்டும். என் கட்சி எது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். குந்துவது ஒரு கலை. கலை என்றுதான் சொல்கிறேன். யோகாவில் மாலாசனம் என்கிறோம். அதை நான் பார்த்ததிலேயே அழகாகச் செய்பவர் என் வகுப்பில் இருக்கும் ஒரு பாட்டி. இளமையில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் வீடமைப்புக்குப் போனதும், மற்றவர்களைப் போல இவரும் பழைய கிள்ளான் சாலைப் பக்கம் வந்து சேர்ந்தார். மரத்தின் அடிப்பட்டையை வெட்டும் காலத்தில் குந்திக் குந்தித்தான் நிரையைக் கடப்பார்களாம். தரையில் சிந்திக் காய்ந்த ஒட்டுப்பாலைப் பொறுக்குவதும் குந்தியே. என் வகுப்பில் முப்பது வயதுக்காரர்கள் பாதியிலேயே பின்னால் சாய்ந்து விழுவார்கள். பாட்டி சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, பேசிக்கொண்டே இறங்குவார், பேசிக்கொண்டே எழுவார். கை தரையில் படாது. "இதுக்கா காசு குடுத்து வர்றீங்க?" என்று மற்றவர்களைக் கேட்பார். என் பிழைப்பில் மண் போடாதீங்க பாட்டி என்பேன்.

அவரைப் பார்த்துத்தான் நான் ஒன்றைப் புரிந்துகொண்டேன். ரகசியம் முழங்காலில் இல்லை, கணுக்காலில் இருக்கிறது. பாட்டியின் குதிகால் தரையை விட்டு எழும்புவதே இல்லை. குதிகால் தரையில் படட்டும். இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். நுனிக்காலில் குந்தினால் உடல் பாரம் முழுவதும் முழங்காலின் முன்பக்கத்தில் ஏறும், தொடை நடுங்கும், எப்போது விழுவோமோ என்று உடம்பு இறுகும். இறுகிய உடம்பில், குடலை இழுத்துப் பிடித்திருக்கும் அந்தத் தசை எப்படித் தளரும்? குதிகால் தரையில் பதிந்தால் பாரம் பாதம் முழுவதும் பரவும். தொடை வயிற்றைத் தொடும். மூச்சு தானாகக் கீழே இறங்கும்.

பழகுவது எப்படி? நம் வீட்டு வாசலில் இரும்புக் கிரில் இருக்கிறதல்லவா, அதைவிட நல்ல கருவி கிடையாது. இரண்டு கையாலும் கிரில் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, விரல்களைச் சற்றே வெளிப்பக்கம் திருப்புங்கள். கம்பியைப் பிடித்தபடி மெல்ல இறங்குங்கள். முழங்கால் விரல் நோக்கும் திசையிலேயே போகட்டும், உள்ளே சாயவிடாதீர்கள். குதிகால் எழும்பினால் அதற்கடியில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். வாரம் போகப்போகத் துண்டின் தடிமனைக் குறையுங்கள். கழிவறையிலும் மூச்சைப் பிடித்து முக்காதீர்கள். மெதுவாக விட்டுக்கொண்டே இருங்கள். மூச்சைப் பிடித்து முக்கினால் இரத்த அழுத்தம் ஏறும், ஆசனவாய் இரத்தக் குழாய்களும் புடைக்கும்.

இப்போது மறுபக்கம். சொல்லாமல் விட்டால் என் வீட்டுக்காரரே என்னைக் கேட்பார், அவருக்கு முழங்கால் தேய்மானம். பெய்ஜிங்கில் முதியவர்களிடம் நடத்திய ஆய்வு 2004-இல் வந்தது. இளமையில் தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் குந்தியவர்களுக்கு முழங்கால் தேய்மானம் கூடுதலாக இருந்தது. இரண்டு மணி நேரம்! கழிவறையில் யாரும் இரண்டு மணி நேரம் குந்துவதில்லை. ஆனாலும் தேய்ந்த மூட்டுக்காரரும், முழங்கால் மாற்று அறுவை செய்தவரும் டாக்டரைக் கேட்காமல் குந்த வேண்டாம். குந்திவிட்டுச் சட்டென்று எழுந்தால் சிலருக்குத் தலை சுற்றும், முதியவர்கள் கைப்பிடியைப் பிடித்து நிதானமாக எழ வேண்டும். இன்னொன்று, கமோடின் மேல் ஏறிக் குந்தவே குந்தாதீர்கள். அது அதற்காகச் செய்ததில்லை. பீங்கான் உடைந்து தொடையும் பிட்டமும் கிழிந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன.

என் கட்சிக்காரர்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. குந்தினால் குடல் புற்றுநோய் வராது, குடல்வால் வீங்காது என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அதற்கெல்லாம் ஆதாரம் இல்லை. மூலம் வராது என்பதும் நிரூபணமாகவில்லை. உகாண்டாவில் பல ஆண்டு வேலை பார்த்த அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், குடல் நலத்துக்கு நார்ச்சத்தைத்தான் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். காலையில் ரொட்டி சானாய், மதியம் நாசி லெமாக், நடுவில் நான்கு தே தாரேக் என்று ஓட்டிவிட்டு, குந்தியும் போகவில்லை என்றால் நான் என்ன செய்வேன்? முருங்கைக்கீரையும் கங்கோங்கும் சந்தையில் கிடைக்கத்தானே செய்கின்றன.

குந்துவதில் யாரும் சொல்லாத ஒரு நன்மை இருக்கிறது. போனோடு உள்ளே போய் அரை மணி நேரம் குந்தியிருக்க முடியாது, தொடை போதும் என்று சொல்லிவிடும். கமோடு சொல்லாது. அமெரிக்காவில் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் கொலனோஸ்கோபிக்கு வந்த 125 பேரை விசாரித்து 2025-இல் வெளியிட்டார்கள். கழிவறைக்குப் போன் கொண்டுபோகிறவர்களுக்கு மூலம் இருக்கும் வாய்ப்பு 46 விழுக்காடு அதிகம். போன்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் போனை வெளியே வைத்துவிட்டுப் போனால் குறைந்தா போய்விடுவீர்கள்?

மலத்தில் இரத்தம் வந்தாலோ, வழக்கம் திடீரென்று மாறினாலோ என் வகுப்புக்கு வராதீர்கள், கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். 50 வயது தாண்டியவர்களுக்கு மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை அங்கே இருக்கிறது.

வீட்டில் இரண்டு கழிவறை இருந்தால், ஒன்றை உடைத்துக்கொள்ளுங்கள், ஒன்றை விட்டுவையுங்கள். விட்டுவைக்கும் கழிவறைச் சுவரில் ஒரு கைப்பிடி வேண்டும் என்று கொன்ட்ராக்டரிடம் வேலை தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள். டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு கூப்பிட்டால் அதற்குத் தனிக் காசு கேட்பார்.