சிவப்புத் தார்ப்பாயும் தக்காளியும்



தேவராஜ மார்க்கெட்டில் வியாபாரம் செய்கிற பலர் இங்கே இருக்கிறீர்கள். அதனால் கடையிலிருந்தே தொடங்குகிறேன்.

என் அம்மா தக்காளி விற்றவர். வெயிலுக்குச் சிவப்புத் தார்ப்பாய் கட்டியிருந்தார். ஒருநாள் வாங்கிப் போன அம்மாள் ஒருவர் பையோடு திரும்பி வந்தார். “இங்கே பழமா இருந்துச்சு. வீட்டுல பார்த்தா செங்காயா இருக்கு. ஏமாத்துறியா?” என்று சத்தம் போட்டார். கூட்டம் கூடிவிட்டது. அம்மா அன்று சாப்பிடவே இல்லை. அவர் பழத்தை மாற்றவில்லை. அந்த அம்மாள் சொன்னதும் பொய் இல்லை.

வெயில் வெள்ளையாகத் தெரிகிறது. அதற்குள் வானவில்லின் எல்லா நிறங்களும் இருக்கின்றன. சிவப்புத் தார்ப்பாய் பெரும்பாலும் சிவப்பைத்தான் கீழே விடும். மற்றவற்றைப் பிடித்துக்கொள்ளும். மாவுச் சல்லடை மாதிரி. செங்காயின் மஞ்சள் தோல் வெயிலில் சிவப்பையும் பச்சையையும் சேர்த்துத் திருப்பி அனுப்பும். தார்ப்பாய்க்குக் கீழே பச்சை வெளிச்சம் ஏது? சிவப்பு மட்டும் திரும்பும். காய் பழமாகத் தெரியும். பக்கத்தில் இருந்த பச்சைமிளகாய் கறுத்து வாடியது போலத் தெரிந்தது. அந்த நஷ்டத்துக்கு யாரும் சத்தம் போடவில்லை!

கலர் தாள் வெளிச்சத்துக்குச் சாயம் ஏற்றுகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இதோ சிவப்பு, பச்சைக் கண்ணாடிக் காகிதங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து விளக்கைப் பாருங்கள். சூரியனைப் பார்க்க வேண்டாம். சாயம் ஏறுவதாக இருந்தால் இரண்டு நிறமும் கலந்து தெரிய வேண்டும். ஆனால் இருட்டாகிறது. சிவப்புத் தாள் விட்டதைப் பச்சைத் தாள் தடுத்துவிட்டது.

இந்த இருட்டை வைத்துத்தான் திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் பெரிய உண்மையைப் பிடித்தார். 1928-இல் கல்கத்தாவில் அவரும் கே.எஸ். கிருஷ்ணனும் சூரிய ஒளியை நீல-ஊதாக் கண்ணாடி வழியாகத் திரவத்துக்குள் விட்டார்கள். திரவத்திலிருந்து சிதறி வந்ததை மஞ்சள்-பச்சைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். ஒரு கண்ணாடி விட்டதை மற்றது தடுக்கும். இருட்டுதானே தெரிய வேண்டும்? மங்கலான வெளிச்சம் தெரிந்தது! திரவத்துக்குள் கொஞ்சம் ஒளி நிறம் மாறியிருந்தது. அதற்கு 1930-இல் ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளானதும் இதனால்தான்.

அம்மா பிறகு வெள்ளைத் துணி கட்டினார். தக்காளி முன்போலச் சிவக்கவில்லை. விற்பனையும் சில நாள் குறைந்தது. பையோடு யாரும் திரும்பி வரவில்லை. நீங்களும் ரவிக்கைத் துணி வாங்கும்போது தார்ப்பாய்க்கு வெளியே கொண்டுவந்து நிறம் பாருங்கள். கடைக்காரர் கோபித்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

தாள்களைப் பின்வரிசைக்குக் கொடுங்கள் அக்கா. அவர்கள் இன்னும் பார்க்கவில்லை.