இடைத்தேர்தல் வந்தால் நம் குழு என்ன செய்யணும்?

(குமாரபாளையத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



நம்ம குழுவில் பொருளாளர் வெளியூருக்குக் குடிபோய்விட்டால் என்ன செய்கிறோம்? கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி, மீதிக் காலத்துக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுக்கிறோம். எம்.எல்.ஏ. இறந்தாலோ, பதவி விலகினாலோ நடக்கும் இடைத்தேர்தலும் அது மாதிரிதான். பதவிக்காலம் ஒரு வருஷமாவது மிச்சம் இருந்தால், பொதுவாக ஆறு மாதத்துக்குள் நடத்த வேண்டும் என்கிறது சட்டம்.

ரொம்ப தூரம் போக வேண்டாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஈரோடு கிழக்குத் தொகுதியில் 2023 பிப்ரவரி 27-லும், 2025 பிப்ரவரி 5-லும் இடைத்தேர்தல் நடந்தது. இரண்டு முறையும் உறுப்பினர் இறந்ததால் வந்த தேர்தல்.

பொதுத்தேர்தலில் 234 தொகுதிக்கும் ஒரே சமயத்தில் ஓட்டு. இடைத்தேர்தலில் எல்லார் கண்ணும் ஒரே ஊர் மேல். கட்சிக்காரர்கள் மொத்தமாக வந்து இறங்குவார்கள். கூடவே பணமும் வருகிறது. 2009 ஜனவரியில் மதுரை மாவட்டம் திருமங்கலத்தில் நடந்த இடைத்தேர்தலுக்குப் பிறகு, ஓட்டுக்குப் பணம் தருவதற்கே 'திருமங்கலம் பார்முலா' என்று பேர் வந்துவிட்டது. சென்னை ஆர்.கே. நகரில் 2017 ஏப்ரலில் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையம் இடைத்தேர்தலையே ரத்து செய்தது. மறுபடி ஓட்டுப்போட்டது டிசம்பர் 21-ல். 2016 டிசம்பரிலிருந்து ஒரு வருஷம் அந்தத் தொகுதிக்கு எம்.எல்.ஏ. இல்லை. நஷ்டம் யாருக்கு? மக்களுக்குத்தான்.

நமக்கு இதில் என்ன? இருபது பெண்களின் பேரும் போன் நம்பரும் ஒரே பதிவேட்டில் இருப்பது நம்மிடம்தான். "அக்கா, லிஸ்ட் மட்டும் குடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்று கேட்டு வருவார்கள். கொடுக்கக் கூடாது. ஓட்டுக்குப் பணம் கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டுமே உண்டு.

இன்னொன்று யோசிங்க. ஆளுக்கு நூறு ரூபாய் கொடுத்து ஒருவர் நம்ம குழுவுக்குப் பொருளாளர் ஆக வந்தால், பெட்டிச் சாவியை அவர் கையில் கொடுப்போமா? "இவ்வளவு செலவு பண்றாளே, எங்கிருந்து எடுப்பா?" என்றுதானே கேட்போம்? அதே கேள்வியை அங்கேயும் கேட்போம்.

இந்த மாதக் கூட்டத்திலேயே தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம்: உறுப்பினர் பட்டியல் வெளியே போகாது. குழுக் கூட்டத்தில் ஓட்டுப் பணம் பேசக் கூடாது. யாருக்கு ஓட்டு என்பது அவரவர் விருப்பம், அதைக் குழு சொல்லாது. யாராவது தொந்தரவு செய்தால் 1950-க்குப் போன் செய்வோம். எல்லோரும் கையெழுத்துப் போட்டு வைப்போம்.