மடக்கு வண்டியா, முழு வண்டியா?

(கடையத்தில் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



மின்சாரச் சைக்கிள் வாங்க எண்ணுவோர் முதலில் கேட்பது, “மடக்கு வண்டி நல்லதா, சாதாரண வண்டி நல்லதா?” என்பதே. வண்டியின் தோற்றத்தைக் கண்டு இதற்கு விடை கூற இயலாது. அது செல்லும் பாதையையும் சுமக்கும் பாரத்தையும் கொண்டே விடை காணவேண்டும்.

மடக்கு சைக்கிள் புதிய பொருளன்று. இரண்டாம் உலகப் போரின்போது வான்குடைப் படையினருக்காக இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. கம்பெனி அதனைச் செய்தது. சிறிய இடத்தில் அடங்குவதே அதன் சிறப்பு. நகரத்தில் மாடிக் குடியிருப்பில் வசிப்போருக்கு இன்றும் அது சௌகரியமானது.

“கீழக்கடையம் நிலையத்தில் ரயிலேறித் தென்காசிக்கு வேலைக்குச் செல்பவனுக்கு மடக்கு வண்டிதானே ஏற்றது?” என்று கேட்கலாம். மின்கலத்துடன் அது ஏறத்தாழ 20 கிலோ கனக்கும். ரயிலில் உடன் கொண்டுசெல்லும் பெட்டிக்கு 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம் என வரம்பு உண்டு. மடக்கிய வண்டியின் பருமன் பொதுவாக இதனை மிஞ்சிவிடும். ஆகவே, பணம் கொடுக்குமுன் நிலையத்தில் விசாரியுங்கள்; கடையில் ஒரு முறை வண்டியைத் தூக்கியும் பாருங்கள்.

ராமநதி, கடனாநதிப் பாசன வயல்களுக்குச் செல்லும் விவசாயியின் நிலை வேறு. வாய்க்கால் கரையிலும் மண்பாதையிலும் சிறிய சக்கரம் பள்ளத்தில் எளிதில் இறங்கிவிடும்; பெரிய சக்கரமோ அதனைக் கடந்து செல்லும். மடக்கு வண்டியின் கீலும் தாழும் குலுக்கத்தில் தளரக்கூடும். அவற்றை அடிக்கடி சோதிக்கவேண்டும். சாதாரண வண்டியின் டயரும் டியூபும் உள்ளூர்ச் சைக்கிள் கடையிலேயே கிடைக்கும் அளவா என்று கேட்டு வாங்குவது நலம். ஆயினும் 45 கிலோ யூரியா மூட்டையை அதில் ஏற்றலாகாது. கேரியர்கள் பல 25 கிலோ அளவுக்கே செய்யப்பட்டவை.

இரு வகைக்கும் சட்டம் ஒன்றே. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைந்திருக்கவேண்டும். மின்கலம் நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகலாகாது. இவற்றுக்கு உட்பட்டு, அங்கீகாரச் சான்றும் பெற்ற வண்டிக்கு லைசென்சும் பதிவும் வேண்டியதில்லை. “வேகம் கூட்டித் தருகிறேன்” என்பவரின் பேச்சைக் கேட்டால் இச்சலுகை போய்விடும்.

36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி மின்கலம் நிரம்ப அரை யூனிட் மின்சாரம் போதும். அதனை வீட்டு இணைப்பிலிருந்தே எடுங்கள். பம்புசெட்டுக்கு அளிக்கப்படும் இலவச மின்சாரம் பாசனத்திற்கே உரியது. வெயிலில் நின்று சூடேறிய மின்கலத்தை ஆறவிட்டு, வண்டியுடன் தந்த சார்ஜரையே பொருத்துங்கள்.

ஆகவே நண்பர்களே, நாள்தோறும் வண்டியை மடக்கித் தூக்கவேண்டிய தேவை உள்ளவர் மடக்கு வண்டியை வாங்கட்டும். வயலுக்கும் சந்தைக்கும் செல்பவருக்குச் சாதாரண வண்டியே உற்ற துணை. உழைத்துச் சேர்த்த பணம் வீண்போகாதிருக்க, நம் பாதையில் ஒரு முறை ஓட்டிப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.