கன்றின் சிறுநீரகமும் வெக்கை நோயும்

வெக்கை என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு வெயிலின் புழுக்கம்தான் நினைவுக்கு வரும். மாடு வளர்த்த பழைய குடும்பங்களுக்கு அந்தச் சொல் வேறு. கடும் காய்ச்சல், வாயெல்லாம் புண், கண்ணிலும் மூக்கிலும் ஒழுகல், நிற்காத கழிச்சல். பத்துப் பன்னிரண்டு நாளில் தொழுவம் காலி. 1880-களின் இறுதியிலும் 1890-களிலும் இந்த நோய் ஆப்பிரிக்காவில் பரவியபோது, பல இடங்களில் பத்து மாட்டுக்கு எட்டு, ஒன்பது என்று செத்து விழுந்தன. எத்தியோப்பியாவில் ஏர் பூட்ட மாடில்லாமல் பெரும் பஞ்சமே வந்தது.

அந்த நோய் இன்று பூமியில் எங்குமே இல்லை. அதை விரட்டிய தடுப்பூசி உருவானது கென்யாவின் முகுகா ஆய்வகத்தில், கன்றின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்களில்.

அதற்கு முன்பும் தடுப்பூசி இருந்தது. இமயமலைச் சாரலில் உள்ள முக்தேஸ்வரில், 1920-களில், ஜே. டி. எட்வர்ட்ஸ் வெக்கை வைரஸை ஆட்டிலிருந்து ஆட்டுக்கு மாற்றி மாற்றிச் செலுத்தி அதன் வீரியத்தைத் தணித்தார். நாட்டு மாடுகள் அந்த ஊசியைத் தாங்கின. அயல்நாட்டு இனங்களும் கலப்பின மாடுகளும் அதிலேயே படுத்துவிடும் அபாயம் இருந்தது.

1956-இல் முகுகாவுக்கு வந்தவர் வால்டர் பிளோரைட் என்ற ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர். வைரஸை முழு விலங்கின் உடலில் வளர்க்காமல் கண்ணாடிப் புட்டிக்குள் வளர்க்க அவர் முனைந்தார். வேலை சமையல்கட்டு வேலையைப் போலவே தொடங்கும். கன்றின் சிறுநீரகத்தைக் கிருமி படாமல் எடுத்து, மேற்பகுதியைக் கத்தரியால் பொடிப்பொடியாக நறுக்க வேண்டும். டிரிப்சின் என்ற நொதிக் கரைசலில் அந்தத் துண்டுகளைக் கலக்கினால், செல்களைப் பிணைத்திருக்கும் பசை கரையும். வடிகட்டி, சீரம் கலந்த ஊட்டக் கரைசலில் விட்டு, உடல் வெப்பத்தில் வைத்தால் செல்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பெருகும். சில நாளில் புட்டியின் அடியில் ஒற்றை அடுக்காக ஒரு மெல்லிய விரிப்பு. உடலிலிருந்து நேராக வந்த இந்தச் செல்களுக்குத்தான் முதல்நிலைச் செல்கள் என்று பெயர்.

அந்த விரிப்பின் மேல் வைரஸை விட்டால் செல்கள் ஒன்றோடொன்று கலந்து பூதாகாரமாகும். பிறகு விரிப்பில் ஓட்டைகள் விழும். மாடு சாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை, நுண்ணோக்கியே சொல்லிவிடும். காபெட்டே 'ஓ' என்ற கொடிய வைரஸைப் பிளோரைட் குழு ஒரு புட்டியிலிருந்து அடுத்ததற்கு ஏறக்குறைய தொண்ணூறு முறை மாற்றியது. புட்டிக்குள் எதிர்த்துப் போராட நோய் எதிர்ப்பாற்றல் இல்லை. அந்தச் சொகுசில் வளர்ந்த வைரஸ், மாட்டை வீழ்த்தும் திறனை இழந்தது. பாதுகாப்பு தரும் திறனை மட்டும் இழக்கவில்லை. எந்த இன மாடும் தாங்கிய ஊசி அது. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். இதற்காக அவருக்கு 1999-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

இந்தச் செல்களுக்காகக் கன்றுகள் உயிர்விட்டன. அதை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். வேறு தொல்லைகளும் உண்டு: கன்றுக்குக் கன்று செல்லின் இயல்பு மாறும், சில தலைமுறைக்கு மேல் பெருகாது, மாட்டுக் கழிச்சல் வைரஸ் போன்றவை உள்ளே சத்தமில்லாமல் ஒளிந்திருக்கும். அதனால் பிற்காலத்தில், குளிர்சாதனம் இல்லாமலே சில வாரம் தாங்கும் வெக்கை ஊசியை, குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த 'வெரோ' என்ற நிலையான செல்வரிசையில் தயாரித்தார்கள்.

இந்தியாவில் வெக்கை கடைசியாகத் தலைகாட்டியது 1995-இல், தமிழ்நாட்டில்தான். 2011-இல் உலகமே விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனிதர் அடியோடு ஒழித்த இரண்டாவது நோய் இது.

வெக்கை போனாலும், கோமாரி என்ற இன்னொரு மாட்டு நோய் இன்னும் நம் தொழுவங்களை விட்டபாடில்லை. மாட்டின் வாய்ப்புண்ணிலிருந்து எடுத்த மாதிரியில் கோமாரி வைரஸ் மிகக் குறைவாக இருந்தாலும் காட்டிக்கொடுப்பவை கன்றின் தைராய்டு சுரப்பியிலிருந்து எடுத்த முதல்நிலைச் செல்கள். உறையவைத்து எடுத்தாலோ பலமுறை பெருக்கினாலோ அந்த நுட்பம் மங்கிவிடும். ஆகவே அவற்றை நம்பும் ஆய்வகங்களில் இன்றும் கத்தரியும் டிரிப்சினுமாகப் புதிய சுரப்பியிலிருந்தே வேலை தொடங்குகிறது.