சிக்கனமாய் ஒரு விளையாட்டுக் கணினி



தமிழகத்தை விட்டு வந்து டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறியிருக்கும் நம்மவர் வீடுகளில், வளர்ந்த பிள்ளை இருந்தால் ஒரு கோரிக்கை தவறாமல் எழும். விளையாடுவதற்கேற்ற கணினி வேண்டும் என்பதே அது. ஆயத்தமாக விற்கும் கணினியின் விலையைக் கேட்டதும் நமக்கு வீட்டு வாடகை நினைவுக்கு வரும். உறுப்புக்களைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால், எதற்கு எவ்வளவு செலவிடுவது என்பது நம் கையில் இருக்கும். எனினும், எதில் குறைக்கலாம், எதில் குறைக்கலாகாது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். நானும் தவறினேன்.

டில்லியிலுள்ள என் தமக்கையின் மகன் 2023-ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் என்னிடம் வந்தான். “மாமா, அப்பா 55,000 ரூபாய்தான் தருவாராம். நீங்களே பாகங்களைத் தேர்ந்து கொடுங்கள்” என்றான். திரை அவனிடம் ஏற்கெனவே இருந்தது. அது நல்லதாயிற்று, ஏனெனில் கணக்கைத் திரையிலிருந்துதான் தொடங்கவேண்டும். 1920-க்கு 1080 என்ற அளவுள்ள சாதாரணத் திரையில் ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகள் உள்ளன. 4கே எனப்படும் திரையிலோ அதைப்போல் நான்கு மடங்கு. இத்தனை புள்ளிகளுக்கும் வினாடிக்கு 60 முறை நிறம் கணிக்கும் வேலை கிராஃபிக்ஸ் கார்டினுடையது. ஆகவே, சாதாரணத் திரை வைத்திருப்பவர் பெரிய அட்டைக்குப் பணத்தைக் கொட்டுவது வீண்.

ஆயினும் மொத்தத் தொகையில் பெரும்பங்கு, அதாவது நூற்றுக்கு 35 முதல் 40 வரை, அந்த அட்டைக்கே போகவேண்டும். பலர் விலையுயர்ந்த பிராசஸரை வாங்கிவிட்டு, மிஞ்சிய காசில் அட்டை தேடுகிறார்கள். விளையாட்டுக்கு ஆறு உட்கருக்கள் கொண்ட நடுத்தர பிராசஸரே போதுமானது. நாங்கள் ரைசன் 5 5600-ஐயும், ரேடியான் ஆர்.எக்ஸ். 6600 அட்டையையும் தேர்ந்தோம். நினைவகம் 16 ஜி.பி.; அதையும் ஒரே துண்டாக வாங்காமல், எட்டும் எட்டுமாக இரண்டாக வாங்கினோம். இரண்டு துண்டுகள் இருந்தால் பிராசஸர் ஒரே சமயத்தில் இரு வழிகளில் செய்தியை எடுக்கும்.

பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதையும் பார்க்கவேண்டும். ஏ.எம்.4 பொருத்துவாய் உள்ள மதர்போர்டில் ஏ.எம்.5 பிராசஸர் அமராது. 2022-இல் வந்த ஏ.எம்.5 பலகைகள் டி.டி.ஆர்.5 நினைவகத்தை மட்டுமே ஏற்கும். நேரு பிளேஸ் ஆனாலும், மும்பையின் லாமிங்டன் ரோடு ஆனாலும், நம் சென்னை ரிச்சி தெரு ஆனாலும், பாகங்களின் முழுப்பெயரைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இந்தி சரளமாக வராதவருக்கு அந்தத் தாளே பாதி பேரத்தை முடித்துத் தரும்.

இனி என் தவறுக்கு வருகிறேன். கடைசியில் பவர் சப்ளை வாங்கவேண்டியிருந்தபோது கையில் பணம் குறைந்திருந்தது. கடைக்காரர் மலிவான ஒன்றைக் காட்டினார். மேலே 500 வாட் என்று அச்சிட்டிருந்தது. அந்த அட்டைக்கு 132 வாட், பிராசஸருக்கு 65 வாட் எனக் கணக்கிட்டுப் பார்த்து, தாராளம் என்று நானே தலையசைத்தேன். மிச்சமானது 1,500 ரூபாய். ஜூன் மாதத்து மாலையொன்றில் மின்சாரம் போய்த் திரும்பியது. பட்டென்று ஓர் ஓசை. பிறகு கரிந்த நாற்றம். பவர் சப்ளையோடு மதர்போர்டும் போயிற்று. “போகட்டும் மாமா” என்று அவன் சொன்னானே தவிர, இரண்டு மாதம் அந்தப் பெட்டி மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. அவன் தந்தையிடம் மறுபடியும் பணம் கேட்கும் துணிவு எங்கள் இருவருக்கும் இல்லை.

பெட்டியில் எழுதியிருக்கும் வாட் எண் ஒன்றே போதாது. 80 பிளஸ் என்ற முத்திரையும் மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைச் சொல்லுமேயன்றி, காப்பைச் சொல்லாது. மின்னழுத்தம் மிகுந்தாலும் கம்பிகள் குறுக்கே சேர்ந்தாலும் தானே நின்றுவிடும் காப்புகள் உண்டா, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று கேளுங்கள். வாடகை வீடாயின், சுவர்த்துளையில் நிலக்கம்பி இணைப்பு உண்டா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்த்துவிடுங்கள். பழைய வீடுகள் பலவற்றில் மூன்று துளை இருக்கும், மூன்றாவதற்குக் கம்பி இராது. இந்தச் செலவுக்குப் பணம் வேண்டுமாயின் கண்ணாடிப் பக்கமும் வண்ண விளக்கும் உள்ள கேபினெட்டைக் கைவிடலாம். அதில் காற்று புகுந்து வெளியேறினால் போதும்.

பழைய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 2022 செப்டம்பரில் ஈத்தரியம் நாணயம் தன் முறையை மாற்றியபின், அதற்காக இரவுபகல் உழைத்த அட்டைகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். பணிமாற்றத்தால் ஊர் பெயர நேர்ந்தால், அட்டையைக் கழற்றித் தனியே எடுத்துச் செல்லுங்கள். பொருத்தியபடியே லாரியில் ஏற்றினால் அதன் கனம் பலகையின் துளையை முறித்துவிடக்கூடும்.

எங்கள் கணினி அவ்வாண்டு ஆகஸ்டில் மீண்டும் உயிர் பெற்றது. முதல் அரைமணி நேரம் திரை இருண்டே கிடந்தது. நான் மறுபடியும் நடுங்கினேன். திரையின் கம்பியை அட்டையில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருக்கிறோம் என்று கண்டுபிடித்தவள், சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த என் தமக்கைதான்.