மகள்வழி வந்த சோழன்



பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் மாணவர்கள் வரையும் குடிவழிப் படங்களைக் கண்டிருக்கிறோம். தந்தை, பாட்டன், பூட்டன் எனக் கோடு மேலேறும். தாயின் பக்கம் பெரும்பாலும் வெற்றிடமாக இருக்கும். சோழர் குடிவழியையும் நாம் இவ்வாறே கற்பித்து வருகிறோம். அதனால்தான் 1070ஆம் ஆண்டுக்கு வந்ததும் திகைக்கிறோம். அதிராசேந்திரன் மறைந்தபின் அரியணை ஏறிய முதற் குலோத்துங்கன், தந்தைவழியில் வேங்கிச் சளுக்கியன் அல்லனோ?

முதலாம் இராசராசனின் மகள் குந்தவை வேங்கியின் விமலாதித்தனை மணந்தாள். (இவள் இராசராசனின் தமக்கை குந்தவை அல்லள், மாணவர் பலர் இடறுமிடம் இது.) அவர்கள் மகன் இராசராச நரேந்திரன், முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கையை மணந்தான். அவ்விருவரின் மகனே குலோத்துங்கன். ஆக, இரண்டு தலைமுறைகளில் சோழக் குருதி மகளிர் வழியே வேங்கிக்குச் சென்றது. பின்னர்க் கங்கைகொண்ட சோழபுரத்திற்கே மீண்டது. இவ்விரு பெண்களையும் படத்திலிருந்து நீக்கிவிட்டால், அவனுக்குப் பின்வந்த சோழர் அனைவரும் வேரற்றவராகிவிடுவர்.

அக்காலத்தார் இதனை மறைக்கவில்லை. செயங்கொண்டார் தம் கலிங்கத்துப்பரணியில் அவனது திங்கட்குலத்தையும் ஞாயிற்றுக்குலத்தையும் சேர்த்தே போற்றுகிறார். மறைத்தவை நம் பாடநூற் படங்களே என்பது எம் கருத்து.

இதில் நம் நாட்டுக்கும் தொடர்புண்டு. கடாரம் நமது கெடா என்பர். நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளிக்குரிய ஊர்களின் வரிநீக்கத்தைச் செப்பேட்டில் எழுதித் தருமாறு கடாரத்தரசனின் தூதர் வேண்டிய செய்தியைச் சிறிய லெய்டன் செப்பேடு கூறுகிறது. ஆண்டு 1090. அவர்கள் வேண்டி நின்றது இந்த மகள்வழிச் சோழனிடமே.